லயத்துக் கதவுகளும் கொழும்புக் கணக்கும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வழியெங்கும் லயங்களைக் காண்கிறோம். ஒரே கூரை, வரிசையாகப் பல கதவுகள். இஃது ஒரு வீடா, பல வீடுகளா?

பலவே என்பது 2012-ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின் விடை. தனிவாயில் கொண்ட காம்பரா ஒவ்வொன்றும் ஒரு வீட்டலகு. ஒன்றாகச் சமைத்துண்போர் ஒரு குடித்தனம். எனவே பெற்றோரும், மணமான மகனும், அவன் பிள்ளைகளும் ஓர் அடுப்பைச் சுற்றி ஒடுங்கிக் கிடப்பினும் ஏட்டில் ஒரு வீடு, ஒரு குடித்தனம், குறையேதுமில்லை! கணக்கில் பிழையில்லை, இடநெருக்கடிதான் அதில் அகப்படவில்லை.

தொகைமதிப்போ பத்தாண்டுக்கொருமுறை வருவது. இடையில் ஊர்நிலையை உணர்த்தவேண்டிய பிரதேச சபைகளுக்கு, 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்து 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடத் தடையாய் நின்றது. 2018-இலேதான் அது திருத்தப்பட்டது. செலவிட இயலாத இடத்தின் வீடுகளை எண்ணுவதில் எச்சபைக்கு ஆர்வம் பிறக்கும்?

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதையுண்டன. முதலில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றனர்; பின்னர் அத்தொகை பெரிதுங் குறைந்தது. எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை பேர் என்னும் கேள்வி அன்றுதான் கொழும்புவரை எட்டிற்று.