இடப்பக்கம் மட்டுமே திரும்பும் கார்

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் பெரும்பாலும் கார்கள் நீள்வட்டத் தளத்தில் இடப்பக்கமாகவே வளைந்து சுற்றும். அதே பந்தயத்தை 1/10 அளவு ரிமோட் கார்களை வைத்தும் அங்கே நடத்துகிறார்கள். மோட்டார், பேட்டரி, முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி நாமே பூட்ட வேண்டிய கார் இது.

இடது வளைவில் பாரம் வலப்பக்கம் சாயும். அதனால் கார்பன் ஃபைபர் அடித்தட்டில் பேட்டரியை இடப்பக்கம் ஒதுக்கி வைக்கிறார்கள். பின்பக்க ஸ்பாஞ்ச் டயர்களில் வலதை இடதைவிடச் சற்றே பெரிதாக வைத்துக்கொள்வதும் உண்டு.

மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தைப் பெரியதோடு சேர்க்கும்போது, நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து அழுத்தி, திருகை முறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிடுவார்கள். மிஞ்சும் இடைவெளிதான் சரியான அளவு. இறுகினால் மோட்டார் சூடேறும்; தளர்ந்தால் பல் தேயும்.

மேல்கூட்டுக்கு வண்ணம் அடிப்பதுதான் அருமையான வேலை! கண்ணாடிபோன்ற பாலிகார்பனேட் கூட்டின் உட்புறத்தில் தீட்டுகிறார்கள். கார் எண்ணை இடவலம் மாற்றி முதலில் எழுத வேண்டும், அடிநிறம் கடைசியில்தான். சுவரில் உரசினாலும் வண்ணம் உரியாது.