தனி மனுவும் சங்கத்தின் குரலும்

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். மருத்துவத் துறையில் பெண்களுக்கென்று தனிச் சங்கங்கள் எதற்கு, திறமை இருந்தால் பதவி தானாக வராதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, உலகெங்கும் சுகாதாரப் பணியில் இருப்பவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள். உயர் பொறுப்புகளிலோ 25 சதவீதம்தான். இத்தனை பெண்களுக்கும் திறமை இல்லாமலா போய்விட்டது? காரணம் விதிகளில் இருக்கிறது. நம் நாட்டுக் கதை ஒன்றைச் சொன்னால் இது விளங்கும்.

பெண் நோயாளிகளுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்று 1885-இல் டஃபரின் நிதி தொடங்கப்பட்டது. மருத்துவமனைகள் எழுந்தன, லேடி டாக்டர்கள் வந்தார்கள். ஆனால் பல ஊர்களில் அவர்களுக்கு மேலே சிவில் சர்ஜன் இருந்தார், அவர் ஆண். சம்பளத்தை அந்தந்த ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. பென்ஷனும் இல்லை, பதவி உயர்வுக்கு முறையும் இல்லை. ஆண் மருத்துவர்களுக்கோ ஐ.எம்.எஸ். என்ற இந்திய மருத்துவப் பணி, படிநிலைகளோடு ஏற்கெனவே இருந்தது.

அந்த நிலையில் ஒரு லேடி டாக்டர் தனியாக மனு எழுதினால் என்ன ஆகும்? அது அவருடைய சொந்தக் குறையாகிவிடும். அனுசரித்துப் போகத் தெரியாதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். 1907-இல் இந்திய மருத்துவப் பெண்கள் சங்கம் பிறந்தது. பம்பாய் காமா மருத்துவமனையின் டாக்டர் ஆனெட் பென்சன் முன்னின்றார். ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த குறைகளைத் திரட்டி, ஐ.எம்.எஸ். போலத் தங்களுக்கும் ஒரு பணி அமைப்பு வேண்டும் என்று ஒரே கோரிக்கையாக வைத்தார்கள். 1914-இல் இந்தியப் பெண்கள் மருத்துவப் பணி அமைந்தது. சம்பள விகிதமும் பணி விதிகளும் எழுத்தில் வந்தன.

குறை இல்லாமல் இல்லை. அந்தப் பணியின் மேல் இடங்களில் நெடுங்காலம் ஆங்கிலேயப் பெண்களே நிறைந்திருந்தார்கள். சங்கத்தில் யார் குரல் ஓங்குகிறதோ, பலன் முதலில் அவர்களுக்கே போகும் என்பதையும் இதில் கற்க வேண்டும். ஆனாலும் வழி திறந்தது. விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்தப் பணியில் சேர்ந்து அதன் தலைமை வரை உயர்ந்தார்; பிறகு வேலூர் சி.எம்.சி.யின் முதல் இந்திய இயக்குநரானார்.

செவிலியர்களும் இதே வழியில்தான் போனார்கள். 1905-இல் லக்னோவில் நர்சிங் சூப்பரிண்டெண்டுகள் கூடிச் சங்கம் வைத்தார்கள். 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் வந்தது. 1922-இல் இரண்டும் ஒன்றாயின. 1910 முதலே தங்களுக்கென ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். பயிற்சிக்கு ஒரே தரம் வேண்டும், பயின்றவர்களுக்குச் சட்டப்படி பதிவு வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள். சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் 1926-இல் வந்தது. பதிவேடு வந்த பிறகுதான், செவிலியம் கருணையால் செய்யும் தொண்டு மட்டுமல்ல, படித்துத் தேறிச் செய்யும் தொழில் என்பது அரசின் ஏட்டில் ஏறியது.

இன்று சங்கங்கள் நடத்தும் மகளிர் தின விழாவும் கேடயமும் மகிழ்ச்சி தரட்டும். ஆனால் ஒரு சங்கத்தின் மதிப்பை அது மாற்றிய விதிகளை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நீங்கள் மருத்துவரோ செவிலியரோ லேப் டெக்னீஷியனோ, உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பதவி உயர்வை முடிவு செய்யும் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், மகப்பேறு விடுப்பு எடுத்தவரின் பணிமூப்பு என்ன ஆகிறது, துறைத் தலைவரை எந்த விதிப்படி நியமிக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால், பக்கத்தில் இருப்பவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.