வியர்வை சிந்துகிறவருக்கு எவ்வளவு உப்பு?

"வெயிலில் பாடுபடுகிற உடம்பு, உப்பு உறைக்கத்தான் சாப்பிட வேண்டும்." தோட்டத்து வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு இது. பால் மரக் காடோ செம்பனைக் காடோ, வியர்வையில் உப்புப் போவது உண்மைதான். ஆனால், வெயிலுக்குப் பழகிய உடம்பு வியர்வையில் உப்பைச் சிக்கனமாகவே விடுகிறது. போனதை மூன்று வேளைச் சாப்பாடே ஈடுகட்டிவிடும். வேலைக்காட்டில் வேண்டியது தண்ணீர்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. குழம்பு, கருவாடு, ஊறுகாய், கிச்சாப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். பொட்டல மீயை அதன் தூள் முழுவதையும் கொட்டிச் சாப்பிட்டால், அன்றைய பங்கில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்தது!

மிஞ்சிய உப்பு இரத்தத்தில் நீரைத் தேக்குகிறது. இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. இதைத்தான் இரத்தக் கொதிப்பு என்கிறோம். பெரும்பாலோருக்கு வலியோ மயக்கமோ இராது. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பத்துக்கு மூவருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அதை அறியாமலே இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அடிபட்ட குழாய் மூளையில் அடைத்தாலும் வெடித்தாலும் பாரிசவாயு. இருதயத்தில் அடைத்தால் மாரடைப்பு. நாள் சம்பளம் வாங்குகிறவருக்கு ஒரு கையும் காலும் விழுந்துவிட்டால், அந்த வீட்டின் கதி என்ன?

உப்பை மாற்றினால் பயன் உண்டா? சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் ஐந்து ஆண்டுகள் சோதித்தார்கள். முன்பே பாரிசவாயு கண்டவர்கள், கொதிப்புள்ள முதியவர்கள் இவர்கள். பாதிக் கிராமங்களுக்கு, கால்பங்கு பொட்டாசியம் உப்புக் கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அங்கே பாரிசவாயு 14 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் முடிவு வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது.

நம் அடுப்படியிலும் வழி இருக்கிறது. கருவாட்டை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அந்தக் குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம். சோற்றுக்கு உப்பே போடாதீர்கள். புளி, மிளகு, எலுமிச்சை கைகொடுக்கும். வீட்டோரத்து முருங்கைக் கீரை வாரத்தில் சில நாளாவது சட்டிக்கு வரட்டும். மீக்குப் பாதித் தூள் போதும்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பைக் குறைத்தோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. மற்றவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் அழுத்தம் பார்த்துக்கொள்ளலாம். 140/90-ஐ எட்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும். முதல் வாரம் சாப்பாட்டில் உப்பில்லை என்று வீட்டில் முணுமுணுப்பு எழத்தான் செய்யும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.