மிஞ்சும் இரண்டு பேர்

கோட்டுக்கு அந்தப் பக்கம் – 9

1999 அக்டோபரில் டென்வர் பிராங்கோஸ் அணியின் டெரல் டேவிஸுக்கு முழங்கால் போனது. அதற்கு முந்தைய சீசனில்தான் அவர் 2,008 யார்டு ஓடி, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக்கில் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியிருந்தார். ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டியவர்கள் அதுவரை அவரோடு சேர்த்து நான்கே பேர். அப்படிப்பட்ட ஆள் படுத்துவிட்டால் அணியின் ஓட்டமும் படுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படுக்கவில்லை. அவர் இடத்தில் இறங்கிய ஒலாண்டிஸ் கேரி என்ற புதுமுகம் அதே சீசனில் 1,159 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு, மரைன் படையில் வேலை பார்த்துவிட்டு வந்த மைக் ஆண்டர்சன் 1,487. 2002-ல் கிளிண்டன் போர்டிஸ் 1,508. 2004-ல் போர்டிஸை வாஷிங்டன் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ரூபன் டிரவுன்ஸ் வந்து 1,240 ஓடினார்.

இவர்களில் போர்டிஸை விட்டுவிட்டால், அணிகள் போட்டி போட்டுக்கொண்டு எடுத்த ஆள் ஒருவரும் இல்லை. 2,000 யார்டு ஓடிய டேவிஸே 1995 புதுமுகத் தேர்வில் ஆறாவது சுற்றில், 196-வது ஆளாக எடுக்கப்பட்டவர். ஆண்டர்சனும் ஆறாவது சுற்றுதான், கேரி நான்காவது. ஆள் மாறிக்கொண்டே இருக்க, யார்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது. பந்தோடு ஓடுகிறவரை விட்டுக் கண்ணை எடுத்து, அவருக்கு முன்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் இதற்குக் காரணம் புரியும்.

முதலில் ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணியில் ஒருவர் பந்தோடு ஓடுகிறார். அவர் யாரையும் மறிக்க முடியாது. பந்தை அவர் கையில் கொடுத்த குவார்ட்டர்பேக்கும் மறிக்கப் போவதில்லை. அவருடைய தோளும் விரலும் அணிக்கு அவ்வளவு விலையுயர்ந்தவை. ஆக மறிப்பதற்கு ஒன்பது பேர், மறிக்கப்பட வேண்டியவர்கள் பதினோரு பேர். ஒன்பது பேரும் ஆளுக்கு ஒருவரைப் பிசகில்லாமல் மறித்துவிட்டாலும் எதிரணியில் இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். ஓடுகிறவரை மடக்க ஒருவரே போதும்.

ஓட்டத்துக்கு ஆட்டம் வரைகிற ஒவ்வொரு பயிற்சியாளரும் இந்த இரண்டு பேரை என்ன செய்வது என்ற கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார். மறிப்பவர்கள் பலசாலிகளாக இருக்க வேண்டும், ஓடுகிறவர் வேகமானவராக இருக்க வேண்டும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பலமும் வேகமும் எதிரணியிலும் உண்டு. கணக்கை மாற்றுவது வரைவு மட்டும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

1960-களில் கிரீன் பே பேக்கர்ஸின் வின்ஸ் லொம்பார்டி இதற்குச் சொன்ன பதில் புகழ்பெற்றது. நடுவில் நிற்கும் இரண்டு கார்டுகளும் வரிசையை விட்டுக் கிளம்பி, ஓடுகிறவருக்கு முன்னால் பக்கவாட்டில் பாய்வார்கள். ஓரிடத்தில் திடீரென்று தன் ஆட்கள் கூடுதலாக இருக்கும்படி செய்வதுதான் அந்த வழி. அதோடு, முன்னால் போகும் மறிப்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும் உரிமையை அவர் ஓடுகிறவருக்குக் கொடுத்தார். முடிவை ஓடுகிறவர் கண்ணில் விட்ட இந்தப் பாதியைத்தான் டென்வர் முப்பது ஆண்டு கழித்து எடுத்துக்கொண்டு வளர்த்தது.

வளர்த்தவர் அலெக்ஸ் கிப்ஸ். 1995-ல் மைக் ஷானஹன் டென்வரின் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது முன்வரிசையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவரிடம் பெரிய புத்தகம் ஒன்றும் கிடையாது. அவுட்சைடு சோன் என்ற ஒரே ஓட்டம்தான் அவர் வேதம். அதற்குத் துணையாக இன்னும் கொஞ்சம். அதை ஆண்டு முழுக்க, காலடி காலடியாக, ஆட்கள் சலித்துப்போகும்வரை சொல்லிக்கொடுத்தார்.

அந்த ஓட்டத்தை மெதுவாகப் பார்ப்போம். பந்து பின்னால் வந்த கணம் முன்வரிசையின் ஐந்து லைன்மேன்களும் ஒரே நேரத்தில், ஒரே பக்கம், வலது என்றால் வலது காலை எடுத்துவைக்கிறார்கள். யாரும் முன்னால் முட்டுவதில்லை. திரைச்சீலையை ஒரு பக்கமாக இழுப்பதுபோல மொத்த வரிசையும் நகர்கிறது. பழைய முறையில் ஒவ்வொருவருக்கும் இன்ன ஆளை மறி என்று பெயர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதிரணிக்காரர் கடைசி நொடியில் இடம் மாறிவிட்டால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். கிப்ஸின் விதி இடத்தைப் பற்றியது: உன் எதிரில் ஆள் இருக்கிறாரா? அவரைப் பிடி. இல்லையா? ஓட்டம் போகும் பக்கத்துப் பங்காளியோடு சேர்ந்து அவருடைய ஆளைப் பிடி. இருவர் தோளும் ஒரே ஆள்மேல் இருக்கும்போதே கண் மட்டும் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்மேல் இருக்க வேண்டும். பிடிபட்டவர் எந்தப் பக்கம் நழுவுகிறாரோ அந்தப் பக்கத்துக்காரர் அவரை எடுத்துக்கொள்வார். மற்றவர் அந்தக் கணமே கழன்று லைன்பேக்கரிடம் ஏறிவிடுவார். யார் யாரை எடுப்பது என்பதை எதிரியின் நகர்வே தீர்மானிக்கிறது. அதனால் எதிரி என்ன செய்தாலும் அதற்கு ஒரு பதில் இருந்துகொண்டே இருக்கும்.

ஓடுகிறவரின் குறி, வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டின் வெளிப்புறம். அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. அங்கே போகிறேன் என்று எல்லோரும் நம்பும்படி ஓட வேண்டும். ஓரத்துத் தடுப்பாளர் உள்ளே மடங்கிவிட்டால் வெளியே சுற்றிக்கொள்ளலாம். அவர் வெளியே விரிந்தால், அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் சந்து பிறக்கும். அடுத்தவரும் வெளிப்பக்கமே ஓடி வந்தால், எல்லோரும் விட்டுவிட்டு வந்த பின்பக்கம் காலியாகக் கிடக்கும்; அங்கே வெட்டித் திரும்ப வேண்டும். வெட்டு ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. நின்று, ஆடி, ஏமாற்றி, அழகு காட்டுகிறவருக்கு டென்வரில் இடம் இல்லை. காலை ஊன்றித் திரும்பிவிட்டால் நேரே மேலே. அது இரண்டு யார்டில் முடிந்தாலும் பரவாயில்லை.

இங்கே எதிரணியின் உழைப்பே அதற்கு வினையாகிறது. வெளிப்பக்கம் விரைந்து ஓடும் லைன்பேக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். அந்தச் சரியான ஓட்டமே அவருக்குப் பின்னால் சந்தைத் திறந்துவிடுகிறது. சூப்பர் பவுல் 32 என்ற இறுதிப் போட்டியில் எதிரே நின்ற பேக்கர்ஸ் அணியின் நடுத்தூண் கில்பர்ட் பிரவுன் 345 பவுண்டு, ஏறக்குறைய 156 கிலோ. டென்வரின் லைன்மேன்களோ 300 பவுண்டுக்குக் கீழே. நேருக்கு நேர் தள்ளினால் பிரவுன் அசைந்திருக்க மாட்டார். டென்வர் அவரைத் தள்ளப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் ஓடவிட்டது. அந்த உடம்போடு நான்கு கால்பகுதியும் ஓடுவது யாருக்கும் முடியாத காரியம்.

இதில் நான் மெச்ச முடியாத ஒரு பகுதியும் உண்டு. பின்பக்கச் சந்து பெரிதாக வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கத்து லைன்மேன்கள் எதிராளியின் காலில் விழுந்து சாய்ப்பார்கள். அன்றைய விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் முழங்காலுக்குப் பயந்துகொண்டே ஆட வேண்டியிருந்த எதிரணிக்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஒருவர் மேலே பிடித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் காலில் விழும் முறையை என்எஃப்எல் 2016-ல் முழுவதுமாகத் தடைசெய்தது. அதற்குப் பிறகும் இந்த ஓட்டம் நன்றாகவே ஓடுகிறது. அப்படியானால் அந்த ஆயுதம் இல்லாமலேயே நின்றிருக்கக்கூடிய வரைவுதான் இது என்றே நினைக்கிறேன்.

சரி, மிஞ்சிய இரண்டு பேர்? ஒருவர், ஓட்டம் போகும் திசைக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர். அவரை யாரும் மறிப்பதில்லை. பின்னாலிருந்து துரத்தி வந்து, வெட்டித் திரும்பும் ஓட்டக்காரரை மடக்கப் போகிறவர் அவர்தான். டென்வரில் அவரை நிறுத்திவைத்தது குவார்ட்டர்பேக் ஜான் எல்வே. பந்தைக் கொடுத்த பிறகும் எல்வே சும்மா நிற்க மாட்டார். பந்து தன்னிடமே இருப்பதுபோல, அந்த ஓரத்துத் தடுப்பாளரைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுவார். பல தடவை பந்து இருக்காது. சில தடவை உண்மையிலேயே இருக்கும். இதுதான் பூட்லெக். ஒரு தடவை ஏமாந்து, எல்வே தனியாக ஓடிப் பந்தை வீசுவதைப் பார்த்துவிட்ட தடுப்பாளர் அடுத்த தடவை ஓட்டத்தைத் துரத்தும் முன் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கமே மறிப்பு.

மிஞ்சிய இன்னொருவர் பின்னால் நிற்கும் சேஃப்டி. ஓட்டம் என்று தெரிந்தால் பாய்ந்து முன்னால் வருவது அவர் வேலை. டென்வரின் ரிசீவர்கள் ராட் ஸ்மித்தும் எட் மெக்காஃப்ரியும் அவர் தலைக்குப் பின்னால் ஓடி ஒரு நீளப் பந்தைப் பிடித்துவிட்டால் அவருக்கும் அதே தயக்கம் வந்துவிடும். ஓட்டமும் வீச்சும் முதல் மூன்று காலடியில் ஒன்றுபோலவே தெரிய வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. லைன்மேன்களின் முதல் அடி, எல்வே முதுகைக் காட்டும் கோணம், டேவிஸ் கைகளை விரித்துக்கொண்டு வரும் விதம், எதிலும் துளி வித்தியாசம் இருக்கக் கூடாது. பந்தில்லாமல் ஓடும் அந்த அலுப்பான வேலையை ஒவ்வொரு தடவையும் முழு மனதோடு செய்தவர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இதன் உச்சம் அதே சூப்பர் பவுலில்தான் நடந்தது. 1998 ஜனவரி 25, சான் டியேகோ. முதல் கால்பகுதி முடிவதற்குள் டேவிஸுக்குப் பழைய ஒற்றைத் தலைவலி வந்து கண் தெரியாமல் போய்விட்டது. டச்டவுனுக்கு ஒரே ஒரு யார்டு பாக்கி. பார்வை போய்விட்டது என்று அவர் சொல்லியும், இந்த ஒரு பிளேக்கு மட்டும் நீ உள்ளே நிற்க வேண்டும், நீ இல்லாவிட்டால் நாம் ஓடுவோம் என்று அவர்கள் நம்ப மாட்டார்கள் என்று ஷானஹன் அனுப்பிவைத்தார். டேவிஸ் பந்தில்லாமல், ஒன்றும் தெரியாமல், ஆட்கள் நெரியும் குவியலுக்குள் பாய்ந்தார். பேக்கர்ஸ் அணி மொத்தமும் அவர்மேல் விழுந்தது. எல்வே பந்தை ஒளித்துக்கொண்டு, ஓரமாகச் சுற்றி, யார் கையும் படாமல் கோட்டைத் தாண்டினார். 14–7.

இரண்டாவது பாதியில் டேவிஸ் கண் தெளிந்து திரும்பி வந்தார். முடிவில் 30 ஓட்டம், 157 யார்டு, மூன்று டச்டவுன். டென்வர் 31–24 என்று ஜெயித்தது. எல்வே அன்று வீசி எடுத்தது 123 யார்டுதான். டச்டவுன் வீச்சு ஒன்றுகூட இல்லை.

இவ்வளவும் வரைவின் சாதனை என்றால் டேவிஸ் யார் என்று கேட்பவர்கள் உண்டு. முழங்காலால் குறுகிப்போன அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் காட்டி, அவர் பெருமையெல்லாம் கிப்ஸின் முறையால் வந்தது என்று வாதாடி, புகழ்க் கூடத்தில் இடம் கொடுக்க 2017 வரை இழுத்தார்கள். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. கேரியும் ஆண்டர்சனும் ஆயிரத்தைத் தாண்டினார்கள். இரண்டாயிரத்தைத் தாண்டியவர் டேவிஸ் ஒருவர்தான். சந்து எங்கே பிறக்கும் என்று வரைவு சொல்லும்; அது பிறப்பதற்கு அரைக் கணம் முன்பே அங்கே காலை ஊன்றுவது அவருடைய சொந்தத் திறமை.

கிப்ஸ் 2004-ல் அட்லாண்டா போனார். ஓட்டத்தில் அந்த அணி அந்த சீசனிலிருந்து மூன்று வருடம் வரிசையாக லீக்கிலேயே முதலிடம். பிறகு ஹூஸ்டன் போனார். அங்கே ஷானஹனின் மகன் கைல், தாக்கும் அணியின் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். கிப்ஸ் 2021-ல் காலமானார். அதற்குள் கைல் அந்தப் பாடத்தை சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

2020 ஜனவரி 19-ல் நடந்த தேசியப் பிரிவு இறுதிப் போட்டியில் எதிரணி மறுபடியும் பேக்கர்ஸ். அதன் தலைமைப் பயிற்சியாளர் மாட் லஃப்ளூர் இதே பள்ளியில், கைலுக்குப் பக்கத்தில் இருந்து கற்றவர். அவருக்குத் தெரியாத ரகசியம் இதில் எதுவும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓடியவர் ரஹீம் மோஸ்டர்ட், 2015-ல் எந்த அணியும் எடுக்காதவர், ஆறு அணிகள் வேண்டாம் என்று விட்டவர். முதல் கால்பகுதியில் மூன்றாவது டவுன், எட்டு யார்டு பாக்கி. எவரும் பந்தை வீசுகிற கட்டம் அது. பேக்கர்ஸின் முன்வரிசை குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கத் தலைதெறிக்கப் பாய்ந்தது. கைல் ஓட்டம் சொல்லியிருந்தார். பாய்ந்தவர்கள் தாண்டிப் போக, அவர்கள் விட்ட இடத்தில் புகுந்து மோஸ்டர்ட் 36 யார்டு ஓடி டச்டவுன் அடித்தார். அன்று மொத்தம் 220 யார்டு, நான்கு டச்டவுன். குவார்ட்டர்பேக் ஜிம்மி கரோப்போலோ ஆட்டம் முழுவதிலும் பந்தை வீசியது எட்டே தடவை. 37–20.

கைல் சேர்த்த புதுச் சரக்கு அசைவு. பந்து கிளம்பும் முன்பே ஃபுல்பேக் கைல் யூஸ்செக் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவார், ரிசீவர் ஒருவர் குறுக்கே ஓடுவார். ஒவ்வோர் அசைவுக்கும் எதிரணி தன் பொறுப்புகளை மாற்றிப் பேசிக்கொள்ள வேண்டும். பேசி முடிப்பதற்குள் பந்து கிளம்பிவிடும். எல்வே ஒருவரைத் தயங்க வைத்தார். இங்கே மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் தயங்குகிறார்கள்.

ஆனாலும் கரோப்போலோ பந்தைக் கொடுத்துவிட்டு நடித்தவர்தான். குவார்ட்டர்பேக் உண்மையிலேயே ஓடக்கூடியவராக இருந்தால் கணக்கு எப்படி மாறும்? 1990-களின் தொடக்கத்தில், மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ரிச் ரோட்ரிகஸ் என்ற இளம் பயிற்சியாளர், மிஞ்சும் அந்த ஓரத்துத் தடுப்பாளரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துக்கொண்டே பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவுசெய்யத் தன் குவார்ட்டர்பேக்குக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)