கணினி அறையின் அடித்தளத் தூசி

பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளில் கால்படும் தரைக்குக் கீழே இன்னொரு தரை உண்டு. கான்கிரீட் தளத்தின்மேல் உலோகத் தாங்குகால்களை நிறுத்தி, அவற்றின்மீது 600 மி.மீ. பக்க அளவுள்ள சதுரப் பலகைகளைக் கழற்றி மாட்டும் வகையில் பரப்பி அமைக்கும் இந்த 'உயர்த்திய தளம்', பெருங்கணினிகள் பெருகிய 1960-களில் பரவலாயிற்று. இரு தளங்களுக்கும் இடைப்பட்ட வெளியில் மின்கம்பிகளும் தரவுக் கம்பிகளும் ஓடுவதோடு, பல அறைகளில் குளிரூட்டும் இயந்திரங்களிலிருந்து வரும் காற்றும் அதன் வழியாகவே பாய்ந்து, துளையிட்ட பலகைகளினூடே மேலெழுந்து சர்வர்களைச் சென்றடைகிறது. ஆகவே அடியில் சேரும் தூசி, எந்நேரமும் சர்வரின் விசிறிக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

அத்தூசியின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே உண்டாவது. பூச்சுப் பூசாமல் விட்ட கான்கிரீட் உதிர்கிறது. புதிய கருவிகள் வந்த அட்டைப்பெட்டிகளை அங்கேயே பிரிப்பதால் காகித நார் பறக்கிறது. கம்பி நுழைவதற்காகப் பலகையை அறுக்கும்போது தூளும் உலோகச் சீவலும் விழுகின்றன. தரவு மையங்களின் காற்று ஐ.எஸ்.ஓ. 14644-1 தரநிலையின் 8-ஆம் வகுப்புக்குள், அதாவது ஒரு கன மீட்டரில் 0.5 மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் 35,20,000-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்.

இவற்றைவிடக் கொடியது துத்தநாக இழை. சில பலகைகளின் அடிப்புறத்தில் துருப்பிடிக்காமலிருக்க மின்முலாமாகப் பூசப்பட்ட துத்தநாகத்திலிருந்து, முலாமுக்குள் தேங்கிய இறுக்கத்தின் விளைவாக, ஏறத்தாழ 2 மைக்ரான் தடிமனுள்ள உலோக மயிரிழைகள் ஆண்டுக்கணக்கில் முளைத்துச் சில மில்லிமீட்டர் வரை நீளக்கூடும். பலகையைப் பெயர்த்து இழுக்கும்போது அவை முறிந்து குளிர்காற்றோடு சர்வருக்குள் நுழைந்து, மின்வழங்கிப் பகுதியில் அடுத்தடுத்த இரு முனைகளை இணைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்குகின்றன. அந்த நொடியிலேயே இழை எரிந்து மறைந்துவிடுவதால், கருவியைப் பிரித்துப் பார்க்கும் பொறியாளருக்குத் தடயம் எதுவும் கிடைப்பதில்லை. 'காரணம் தெரியாத பழுது' என்று எழுதிவைப்பதே வழக்கம். நாசாவின் காடர்ட் மையத்தைச் சார்ந்த ஜே புருஸ், மைக்கேல் சாம்ப்சன் ஆகியோர் 2004-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிக் கணினித் துறையை எச்சரித்தனர். கழற்றிய பலகையின் அடிப்புறத்தில் டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் இழைகள் மின்னி மின்னித் தெரியும். அப்படித் தெரிந்தால் துடைக்க முயலாமல் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலகைகளை மாற்றுவது அதற்கெனப் பயிற்சி பெற்றோரின் பணி.

ஆக, இவ்வறையில் ஆபத்து மிகுவது தூசி கிளப்பப்படும் வேளையில்தான். அவ்வேளையை உண்டாக்குவது துப்புரவுப் பணியே. துடைப்பத்தால் பெருக்குவதும் அழுத்தக் காற்றால் ஊதுவதும் இங்கே அறவே கூடா. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி பொருத்திய உறிஞ்சியையே பயன்படுத்த வேண்டும். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்புறமாக அறைக்குள்ளேயே உமிழ்ந்துவிடும். உறிஞ்சியின் மின்செருகியைச் சர்வர் அடுக்கின் சாக்கெட்டில் மாட்டிவிட்டால், அது தொடங்கும்போது இழுக்கும் மிகுமின்னோட்டத்தில் பிரேக்கர் விழுந்து அடுக்கு முழுவதும் அணைந்துவிடக்கூடும் என்பதால், சுவரிலுள்ள தனிச் சாக்கெட்டையே நாட வேண்டும்.

இரவும் பகலும் இயங்கும் அறையில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு வேலை செய்ய இயலாது. பலகையைத் தூக்கியதும் கைக்கு எட்டுவது, பெரும்பாலும், மின்னோட்டமுள்ள மும்முனைக் கம்பியாகவே இருக்கும். ஆகையால் கீழ்த்தளத்தில் ஈரத்துணிக்கு இடமேயில்லை. உறிஞ்சியின் முனை உலோகமாக இருக்கலாகாது. கம்பிகளை நகர்த்துவதும் இணைப்புகளைத் தொடுவதும், தாங்குகால்களை இணைத்துச் செல்லும் நிலத்தொடுப்புக் கம்பியை அசைப்பதும் கூடா. பலகைகளை உறிஞ்சுபிடியால் நேராகத் தூக்கி, ஒரு வேளையில் ஒன்றிரண்டை மட்டும் திறந்து, அவற்றை மூடிய பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும். வரிசையாகப் பலவற்றைக் கழற்றினால் தாங்குகால்கள் சாயக்கூடும். குளிர்காற்றும் திறந்த வாய் வழியே வீணாகி, தொலைவிலுள்ள சர்வர்கள் சூடேறும். கிளம்பும் தூசியைப் புகையென்று எண்ணித் தீயணைப்பு வாயுவைத் திறந்துவிடும் அமைப்பை, பொறுப்பாளர் முன்கூட்டியே நிறுத்திவைத்து, பணி முடிந்ததும் மறவாமல் இயக்கிவிட வேண்டும்.

மேற்பரப்பைச் சற்றே ஈரமான, நன்கு பிழிந்த துணியால் துடைக்கலாம். மெழுகு பூசிப் பளபளப்பாக்குவது பெருந்தவறு. நிலைமின்னைத் தரைக்குள் வடியவிடும் பலகையின் தன்மையை அது கெடுத்துவிடுகிறது. மனிதர் உணர்வதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் நிலைமின் தேவை. நுண்சில்லுகள் சில, நூறு வோல்ட்டுக்கும் குறைவிலேயே பழுதாகும்.

இத்தனையையும் செய்ய வேண்டியவர், பெரும்பாலும், ஒப்பந்த அடிப்படையில் வந்து போகும் துப்புரவுத் தொழிலாளி. தரைக்குக் கீழே கம்பிகள் ஓடும் வழியைக் காட்டும் வரைபடத்தை அவரிடம் கொடுக்காமல் பலகையைத் தூக்கச் சொல்வது நேர்மையற்ற செயல். காப்புறை கிழிந்த கம்பியையோ எலி கடித்த தடத்தையோ நீர்க்கசிவையோ கண்டால், யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் உரிமையும் அவருக்கு எழுத்து மூலம் வழங்கப்பட வேண்டும்.