பழைய வண்டிப் பாடம் – 9: சத்தம் எப்போது வருகிறது?

உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஆனாலும் அந்த வண்டியைப் பிள்ளைபோல் பராமரிப்பவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அதன் பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், "இன்ஜினை இறக்கிப் பார்த்துடலாம் சார்" என்று யாராவது சொல்வார்கள். சம்மதிக்கும் முன் ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு, எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதையும் கவனியுங்கள். நோய் எதுவென்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றிய பிறகே மற்றதெல்லாம். ஷெட்டின் கதவு திறந்திருக்கட்டும். மூடிய இடத்தில் சேரும் புகை உயிரைக் குடிக்கும். துண்டு, முந்தானை எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

வால்வு கவர் பக்கமிருந்து சீராக, மெல்லிசாக 'டிக் டிக்' என்று வந்தால் டேப்பெட்டைச் சந்தேகிக்கலாம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அதனால் அந்தத் தட்டல் நிதானமாகவே கேட்கும். இடைவெளியைச் சரிசெய்ய மெக்கானிக்குகள் 'ஒன்பது கணக்கு' வைத்திருக்கிறார்கள்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், ஆறு திறந்திருந்தால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஃபீலர் கேஜும் ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் முடிந்துவிடும் வேலை இது.

இதே 'டிக் டிக்' எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட் போனாலும் வரும். காலையில் பலமாகக் கேட்டு, சூடேறியதும் குறையும். கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். டேப்பெட் என்று நினைத்து வால்வு கவரைக் கழற்றும் முன் இங்கே பார்த்துவிடுங்கள்.

கனமான 'டொக் டொக்' வந்தால்தான் கவலைப்பட வேண்டும். குளிரில் கேட்டு, சூடானதும் அடங்கினால் அது பெரும்பாலும் பிஸ்டன் ஆட்டம். ஆயில் குடிக்கிறதா என்று கவனித்தபடி வண்டியை ஓட்டலாம். நேர்மாறாக, ஆயில் சூடாகி இளகியபின் சத்தம் ஏறி, ஆயில் பிரஷரும் இறங்கினால் பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் ஒயரைக் கழற்றி எர்த் கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். நான்கு சிலிண்டரையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த ஒயரைக் கழற்றும்போது சத்தம் தணிகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரில். டேப்பெட் சத்தம் இதற்கெல்லாம் அசையாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்திய பிற்கால வண்டிகளில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

முன்பக்கம் கீச்சிட்டாலோ கரகரத்தாலோ ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். சத்தம் நின்றால் கோளாறு பெல்ட்டிலோ, வாட்டர் பம்ப்பிலோ, டைனமோவிலோதான், இன்ஜினுக்குள் இல்லை.

பிக் எண்ட் என்று தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கட்டி இழுத்துச் செல்லுங்கள். கனெக்டிங் ராடு முறிந்தால் பிளாக்கையே உடைத்துவிடும். மெக்கானிக்கிடம் "ஒரு மாதிரி சத்தம் வருது" என்று சொல்லாமல், "சூடானதும் கீழே டொக்கென்று தட்டுது, மூணாவது ஒயரைக் கழட்டினா குறையுது" என்று சொல்லுங்கள். தேவையில்லாமல் இன்ஜின் இறங்காது.

(அடுத்த வாரம்: சைலன்சர் புகையின் நிறம்)