எலும்பு கூடிவிட்டது, பலம் கூடிவிட்டதா?

மாவுக்கட்டைப் பிரித்த சில நாளிலேயே பிரட்டுக்கு வந்து நிற்கும் தோழர்களை நாம் தோட்டந்தோறும் பார்க்கிறோம். "கால் கூடிப்போச்சுங்க, இனி என்ன பயம்?" என்கிறார்கள். வெட்டுகிற குலைக்குத் தக்க கூலி வாங்குபவருக்கு வீட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டந்தான். நாம் மறுக்கவில்லை. ஆனால், எலும்பு கூடுவது ஒன்று; பலம் திரும்புவது வேறொன்று.

வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த காலில் சதை வற்றிவிடும். இரண்டு தொடைகளையும் சேர்த்துப் பார்த்தாலே தெரியும். மூட்டும் இறுகியிருக்கும். செம்பனைக் குலை ஒன்று 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிற வாய்க்காலைத் தாண்டும்போது அந்தக் கால் தாங்குமா?

பலத்தைத் திரும்பப் பெறும் வழி

காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். அவர் சொல்லும்வரை ஊன்றக்கூடாது. அதுவரை சும்மா கிடக்கவும் வேண்டாம். அவர் சம்மதத்தோடு, படுத்தபடியே தொடையை இறுக்கி 5 எண்ணி விடுங்கள். நல்ல காலுக்கும் கைகளுக்கும் வேலை கொடுங்கள். நல்ல காலைப் பழக்கினால் அடிபட்ட காலின் பலமும் ஓரளவு குறையாமல் நிற்கும் என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

முழுப் பாரம் ஊன்ற அனுமதி கிடைத்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள். 10 தடவை செய்து, இளைப்பாறி, மறுபடியும் செய்யுங்கள். அது சுலபமானதும் வீட்டுப் படியில் ஏறி இறங்குங்கள். அதன் பிறகே சுமை. 5 கிலோ அரிசிப் பையில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சுமைப் பயிற்சியை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

எவ்வளவு கூட்டலாம் என்பதை மறுநாள் காலை சொல்லும். வலியும் வீக்கமும் முன்னைவிட அதிகமாயிருந்தால் பழைய அளவுக்கே இறங்குங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உரிமையை விடாதீர்கள்

"இத்தனை நாள் சம்பளம் யார் கொடுப்பது?" என்று வீட்டில் கேட்பார்கள். வேலையில் அடிபட்டால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாத எம்சி இருந்தால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு சொக்சோ தரும். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் இது உண்டு. வெளிநாட்டுத் தோழர்களும் 2019 முதல் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார்கள்.

அடிபட்டவர்கள் வேலைக்குத் திரும்புவதற்கென்றே 2007 முதல் சொக்சோவில் தனித் திட்டம் நடக்கிறது. மலாக்காவில் அதற்கு மறுவாழ்வு மையமும் உண்டு. "எனக்குப் பயிற்சி வேண்டும்" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, எம்சி முடியுமுன் டாக்டரிடம் பேசுங்கள். குலை தூக்க இன்னும் தெம்பில்லை என்றால், இலகு வேலைதான் கொடுக்க வேண்டுமென்று எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு தோட்டக் கமிட்டித் தலைவரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போங்கள். கங்காணியிடம் வாயால் சொன்னது காற்றோடு போகும், காகிதம் நிற்கும்.

இரண்டு வாரக் கூலிக்கு ஆசைப்பட்டு அவசரப்பட்டால், அதே கால் மறுபடியும் முறியலாம். அப்போது போவது இரண்டு வாரக் கூலி மட்டுமல்ல, குடும்பத்தின் சோறு!